மண்ணீரல் சீழ்க்கட்டி: வரலாறும் மருத்துவமும்

மண்ணீரல் சீழ்க்கட்டி என்பது நோய்க்கிருமிகள் மண்ணீரலுக்குள் தங்கிப் பெருகி, அங்குள்ள திசுக்களை அழித்து, சீழ் திரள்வதால் உண்டாகும் கட்டியாகும். இது அரிதான நோய். பிணக்கூறாய்வுகளின் அடிப்படையில் வெளிவந்த மருத்துவக் கணக்குகளில் இதன் அளவு 0.14 முதல் 0.7 சதவீதம் வரை எனக் குறிப்பிடப்படுகிறது. கண்டறியாமல் விட்டால் பெரும்பாலும் உயிரிழப்பில் முடியும். உரிய காலத்தில் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இந்நோயின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. விலா எலும்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு கட்டியை உயிருள்ள மனிதரிடம் எப்படிக் காண்பது என்பது முதல் கேள்வி. மண்ணீரல் மனிதருக்குத் தேவையான உறுப்புதானா என்பது இரண்டாவது கேள்வி. தேவையில்லை என்று நம்பப்பட்ட காலத்தில், கட்டி வந்த மண்ணீரலை முழுவதும் அகற்றிவிடுவதே சிகிச்சையாக இருந்தது. தேவை என்று தெரிந்தபின், சீழை மட்டும் வெளியேற்றி உறுப்பைக் காப்பாற்றும் முறைகள் வளர்ந்தன.

மண்ணீரலின் இடமும் பணியும்

மண்ணீரல் வயிற்றறையின் இடது மேற்பகுதியில், 9 முதல் 11 வரையிலான விலா எலும்புகளின் உட்புறம் அமைந்துள்ளது. இதற்கு மேலே உதரவிதானமும், அருகில் இரைப்பை, கணையத்தின் வால்பகுதி, இடது சிறுநீரகம், பெருங்குடலின் வளைவு ஆகியவையும் உள்ளன. வளர்ந்தவர்களிடம் இதன் எடை ஏறக்குறைய 150 கிராம். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். இயல்பான அளவில் இருக்கும்போது இதைக் கையால் தொட்டு உணர முடியாது.

மண்ணீரலுக்குள் இருவகைத் திசுக்கள் உள்ளன. செங்கூழ் எனப்படும் பகுதி இரத்தத்தை வடிகட்டுகிறது. ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து முதிர்ந்த சிவப்பணுக்களில் பல இங்குதான் பிரித்து அழிக்கப்படுகின்றன. வெண்கூழ் எனப்படும் பகுதியில் நிணநீர் அணுக்கள் நிறைந்துள்ளன. இரத்தத்தில் வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்குவது இப்பகுதியின் பணி.

கிருமிகளைப் பிடித்து அழிக்கும் உறுப்பு என்பதால்தான் இங்குச் சீழ்க்கட்டி அரிதாக உண்டாகிறது. வடிகட்டியில் சிக்கும் கிருமிகளை மண்ணீரலின் விழுங்கணுக்கள் உடனே அழித்துவிடுகின்றன. மூன்று நிலைகளில் இந்தப் பாதுகாப்பு குலைகிறது. கிருமிகள் அளவுக்கு மீறி வந்து சேர்வது ஒன்று. அடைப்பாலோ அடியாலோ மண்ணீரல் திசுவின் ஒரு பகுதி இறந்துபோவது இரண்டாவது. உடலின் நோய் எதிர்ப்புத்திறன் குன்றிப்போவது மூன்றாவது. இந்நோயின் காரணங்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றிலோ ஒன்றுக்கு மேற்பட்டவற்றிலோ அடங்கும்.

பண்டைய மருத்துவ நூல்களில்

உடலுக்குள் தோன்றும் சீழ்க்கட்டிகளை இந்திய மருத்துவர்கள் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதையின் நிதானப் பகுதி, வித்ரதி என்னும் சீழ்க்கட்டி தோன்றக்கூடிய உள்ளுறுப்புகளைப் பட்டியலிடுகிறது. கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுடன் மண்ணீரலும் அப்பட்டியலில் உள்ளது. மண்ணீரலில் கட்டி தோன்றினால் மூச்சு தடைபடும் என்று அந்நூல் கூறுகிறது. மண்ணீரல் உதரவிதானத்தை ஒட்டி இருப்பதால், அங்கு அழற்சி ஏற்படும்போது மூச்சை இழுக்கையில் வலி உண்டாவதை இன்றைய மருத்துவமும் குறிப்பிடுகிறது.

கிரேக்க, உரோம மருத்துவம் மண்ணீரலை வேறு விதமாகப் பார்த்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், உடலின் நான்கு நீர்மங்களுள் ஒன்றான கரும்பித்தத்தோடு மண்ணீரலைத் தொடர்புபடுத்தினார். கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு வரும் என்பது அக்கால நம்பிக்கை. மனச்சோர்வைக் குறிக்கும் மெலன்கோலி என்ற சொல்லே கரும்பித்தம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மண்ணீரலைக் குறிக்கும் சொல்லுக்குச் சிடுசிடுப்பு என்ற பொருளும் ஏற்பட்டது இதனால்தான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய எழுத்தாளர் பிளினி, மண்ணீரல் ஓட்டப்பந்தய வீரர்களின் ஓட்டத்துக்குத் தடையாக இருப்பதாக எழுதினார். உடலுக்கு இது ஒரு சுமை என்ற எண்ணம் அவ்வளவு பழமையானது.

1666-இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பீகி, நுண்ணோக்கியின் உதவியுடன் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட நூலில், மண்ணீரலுக்குள் இருக்கும் சிறு வெண்ணிற முடிச்சுகளை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் பணி என்ன என்பது அப்போது தெரியவில்லை. அந்த நூற்றாண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நாய்களின் மண்ணீரலை அகற்றிப் பார்த்தனர். நாய்கள் உயிர் பிழைத்து வழக்கம்போல் நடமாடின. மண்ணீரல் இல்லாமலும் வாழலாம் என்ற முடிவுக்கு இச்சோதனைகள் வழிவகுத்தன.

பெருத்த மண்ணீரலும் இந்தியாவும்

மலேரியா பரவியிருந்த இந்தியாவில் மண்ணீரல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான உறுப்பாக இருந்தது. மலேரியா மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு மண்ணீரல் பெருத்து, விலா எலும்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். 1840-களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் மலேரியாவின் பரவலை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர், ஓர் ஊரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்துள்ளது என்று கணக்கிட்டு அவ்வூரின் மலேரியா நிலையை மதிப்பிட்டார். மண்ணீரல் வீதம் எனப்படும் இந்த அளவுகோல் பின்னர் உலகின் பல பகுதிகளிலும் பயன்பட்டது.

பெருத்த மண்ணீரல் எளிதில் கிழியக்கூடியது. 1876-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடித்தார். அவர் மண்ணீரல் கிழிந்து இறந்தார். ஃபுல்லருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 30 ரூபாய் அபராதம் மட்டுமே. அரசுப் பிரதிநிதி லிட்டன் பிரபு இத்தீர்ப்பைக் கண்டித்தது அக்காலத்தில் பெரும் சர்ச்சையானது. கிழிந்த மண்ணீரலில் இரத்தப்போக்கு தானாக நின்று, அடிபட்டவர் பிழைத்துக்கொண்டாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை. உள்ளே உறைந்து தேங்கிய இரத்தத்தில் கிருமிகள் சேர்ந்தால், சில நாட்களிலோ வாரங்களிலோ அது சீழ்க்கட்டியாக மாறலாம்.

மண்ணீரலுக்குள் ஊசி செலுத்தி நோயறியும் முறையின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், 1903-இல் நீண்டகாலக் காய்ச்சலும் பெருத்த மண்ணீரலும் கொண்டிருந்த நோயாளிகளை ஆராய்ந்தார். உயிருடன் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த மாதிரியில், காலா அசார் நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஒட்டுண்ணியை இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்டிருந்த வில்லியம் லீஷ்மனின் பெயரையும் டோனவனின் பெயரையும் இணைத்தே அந்த உயிரி பெயரிடப்பட்டது. இரத்தம் நிறைந்த மண்ணீரலில் ஊசி செலுத்துவது ஆபத்தானது என்ற அச்சம் நீண்டகாலம் நிலவியது. ஆயினும் கவனத்துடன் செய்தால் அது இயலும் என்பதை இத்தகைய முயற்சிகள் காட்டின.

அகற்றுவதே சிகிச்சை என்ற காலம்

மனிதரின் நோயுற்ற மண்ணீரலை வயிற்றைத் திறந்து முழுமையாக அகற்றும் அறுவைச் சிகிச்சையை, 1826-இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் குவிட்டன்பாம் என்ற மருத்துவர் செய்தார். மயக்க மருந்தும் கிருமிநீக்க முறைகளும் இல்லாத காலம் அது. நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். 1867-இல் பாரிஸ் நகரில் ஜூல் பெயான், மண்ணீரலில் பெரிய நீர்க்கட்டி இருந்த 20 வயதுப் பெண்ணுக்கு இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தார். அப்பெண் உயிர் பிழைத்தார். ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறையைப் பற்றிய தம் கட்டுரைகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1892-இல் ஆஸ்கர் ரீக்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர், கீழே விழுந்து மண்ணீரல் கிழிந்த 14 வயதுச் சிறுவனின் மண்ணீரலை அகற்றி அவனைக் காப்பாற்றினார்.

இதன்பின் மண்ணீரல் அகற்றல் உலகெங்கும் பரவியது. மண்ணீரல் கிழிந்தாலும், அதில் கட்டி வந்தாலும், இரத்தச் சிவப்பணுக்களை அது அளவுக்கு மீறி அழித்தாலும் அகற்றிவிடுவது வழக்கமாயிற்று. சீழ்க்கட்டியைப் பொறுத்தவரை இதற்கு வலுவான காரணம் இருந்தது. சீழைத் திறந்துவிடும்போது அது வயிற்றறைக்குள் சிந்தினால் உயிருக்கு ஆபத்து. உறுப்பையே முழுதாக எடுத்துவிட்டால் கட்டியும் சேர்ந்தே வெளியேறும். நுண்ணுயிர் எதிர்மருந்துகள் இல்லாத அக்காலத்தில் இது பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. மண்ணீரல் இல்லாததால் எந்தக் கேடும் இல்லை என்ற நம்பிக்கை இம்முடிவுக்குத் துணைநின்றது.

இந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று 1919-இலேயே வெளிவந்தது. மோரிஸ், புல்லக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட எலிகள் கிருமித்தொற்றுக்கு எளிதில் பலியாவதைக் காட்டினர். மனிதருக்கும் இது பொருந்தக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர். ஆனால் அந்த எச்சரிக்கை மருத்துவ நடைமுறையை மாற்றவில்லை.

1952-ஆம் ஆண்டின் திருப்பம்

1952-இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த கிங், சூமேக்கர் ஆகிய அறுவை மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பரம்பரை இரத்தநோய்க்காகக் கைக்குழந்தைப் பருவத்தில் மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து குழந்தைகளைப் பற்றியது அது. அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாகவே முடிந்திருந்தது. ஆனால் பின்னர் அக்குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் போன்ற கடுமையான கிருமித்தொற்றுகள் ஏற்பட்டன. இருவர் இறந்தனர்.

இதைத் தொடர்ந்து உலகின் பல பகுதிகளிலிருந்தும் இதுபோன்ற செய்திகள் வந்தன. நிமோகாக்கஸ் போன்ற, வழவழப்பான சர்க்கரைப் பொருளாலான உறையுடைய பாக்டீரியாக்களை இரத்தத்திலிருந்து நீக்குவதில் மண்ணீரலுக்குத் தனிப்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. மண்ணீரல் இல்லாதவரிடம் இத்தகைய கிருமி நுழைந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது ஓரிரு நாட்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடும். 1970-இல் நஜ்ஜாரும் நிஷியோகாவும், விழுங்கணுக்களைத் தூண்டும் டஃப்ட்சின் என்ற பொருளை அடையாளம் கண்டனர். அது முழுமையாக உருவாவதற்கு மண்ணீரல் தேவைப்படுவது பின்னர் அறியப்பட்டது.

மண்ணீரலைக் காப்பாற்றும் முயற்சிகளும் இக்காலத்தில் தொடங்கின. பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் கேம்போஸ் கிறிஸ்டோ, அடிபட்ட மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் அகற்றும் முறையைப் பற்றி 1962-இல் எழுதினார். 1968-இல் இந்திய மருத்துவர் உபாத்யாயாவும் கனடாவின் சிம்ப்சனும், டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் மண்ணீரல் காயமுற்ற குழந்தைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அறுவைக்காக வயிற்றைத் திறக்கும் நேரத்தில் பல குழந்தைகளுக்கு இரத்தப்போக்கு ஏற்கெனவே நின்றிருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினர். கிழிந்த மண்ணீரலை எல்லாம் அகற்றத்தான் வேண்டும் என்ற விதி அதனால் ஆட்டம் கண்டது. சீழ்க்கட்டிக்கும் அதே கேள்வி எழுந்தது. ஆனால் சீழை மட்டும் வெளியேற்ற வேண்டுமானால், அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

காரணங்கள்

கிருமிகள் இரத்தத்தின் வழியே வருவதே மண்ணீரல் சீழ்க்கட்டிக்கு முதன்மையான காரணமாகும். இதய உள்ளுறை அழற்சியில், இதய வால்வுகளில் கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளர்கின்றன. அக்கூட்டத்திலிருந்து பிரியும் சிறு துணுக்குகள் இரத்த ஓட்டத்தில் சென்று மண்ணீரல் இரத்தக்குழாயை அடைக்கும்போது, ஒரே நேரத்தில் திசு இறப்பும் கிருமித்தொற்றும் ஏற்படுகின்றன. டைபாய்டு, சிறுநீர்ப்பாதைத் தொற்று, எலும்புத் தொற்று ஆகியவற்றிலிருந்தும் கிருமிகள் வந்து சேரலாம். சுத்தமற்ற ஊசிகளால் போதைப்பொருள் செலுத்திக்கொள்வோருக்கும் இந்த ஆபத்து உண்டு.

அருகிலுள்ள உறுப்புகளிலிருந்து தொற்று நேரடியாகப் பரவுவதும் உண்டு. கணைய அழற்சி, சிறுநீரகத்தைச் சுற்றிய சீழ், பெருங்குடல் துளைபடுதல் ஆகியவை இவ்வகையின. அடிபட்டு இரத்தம் தேங்கிய இடத்தில் தொற்று ஏற்படுவது மற்றொரு வகை. மண்ணீரல் இரத்தக்குழாயை வேண்டுமென்றே அடைக்கும் சில சிகிச்சைகளின் பின்விளைவாகவும் கட்டி உண்டாகலாம்.

அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு, வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைப்பதால் மண்ணீரல் திசு சிறிது சிறிதாக இறக்கிறது. இறந்த திசுவில் கிருமிகள் தங்குவது எளிது. இந்தியாவில் இந்த இரத்த மாற்றம் இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே கண்டறிந்தனர். மலைப்பகுதிகளில் நீடித்த காய்ச்சலுடன் வரும் பழங்குடி இளைஞர்களைப் பரிசோதிக்கும்போது இந்நோயை நினைவில் வைத்திருப்பது அவசியமாகிறது.

நீரிழிவு, எய்ட்ஸ், இரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப்பின் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றால் எதிர்ப்புத்திறன் குறைந்தவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சால்மொனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் கட்டிகளில் அடிக்கடி காணப்படுபவை. காசநோய்க் கிருமியும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களிடம் கேண்டிடா என்ற பூஞ்சையும் பெரும்பாலும் பல சிறு கட்டிகளை உண்டாக்குகின்றன.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கவனிக்க வேண்டிய மற்றொரு காரணம் மெலியாய்டோசிஸ். இந்நோயை முதன்முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஆவர். அங்கு இறந்துபோன மார்ஃபின் அடிமைகள் உள்ளிட்ட ஏழைகளின் உடல்களை ஆராய்ந்தபோது, உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளைக் கண்டு, அவற்றிலிருந்து புதிய பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அவர்களது கட்டுரை 1912-இல் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் வெளிவந்தது. பர்கோல்டெரியா சூடோமல்லை என்று இன்று அழைக்கப்படும் அக்கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில், சேற்றில் வேலை செய்யும் விவசாயிகளை, அதிலும் நீரிழிவு உள்ளவர்களை இது அதிகம் தாக்குகிறது. தோலில் உள்ள சிறு காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் நுழைந்து, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றில் கட்டிகளை உண்டாக்குகிறது. ஆய்வகத்தில் இதை வேறு சாதாரண பாக்டீரியா என்று தவறாகக் கருதிவிட வாய்ப்புண்டு. காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுவதும் நேர்கிறது.

அறிகுறிகள்

காய்ச்சல், வயிற்றின் இடது மேற்பகுதியில் வலி, தொட்டால் உணரக்கூடிய மண்ணீரல் வீக்கம் ஆகிய மூன்றும் பாடநூல்கள் கூறும் அறிகுறிகள். ஆனால் மூன்றும் ஒன்றாக எல்லா நோயாளிகளிடமும் தோன்றுவதில்லை. குளிர்நடுக்கம், எடை குறைதல், பசியின்மை ஆகியவையும் காணப்படலாம். உதரவிதானம் எரிச்சலுறும்போது இடது தோளில் வலி தோன்றும். நோய் வயிற்றில் இருக்க, வலி தோளில் தெரிவதற்கு உதரவிதானத்துக்கும் தோளுக்கும் பொதுவான நரம்புத் தொடர்பே காரணம். இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதால் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். இதனால் நோய் நெஞ்சில் இருப்பதாகத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

கட்டி உடைந்து சீழ் வயிற்றறைக்குள் பரவுவது மிகவும் அஞ்சத்தக்க விளைவாகும். உதரவிதானத்தைத் துளைத்து நெஞ்சறைக்குள் சீழ் சேர்வதும், அருகிலுள்ள குடலுக்குள் கட்டி உடைவதும், கிருமிகள் இரத்தம் முழுவதும் பரவுவதும் பிற ஆபத்துகள்.

கண்டறியும் முறைகளின் வளர்ச்சி

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்ததற்கு முன்பு, கைத்தொடுகையும் தட்டிப் பார்த்தலுமே மருத்துவரின் கருவிகளாக இருந்தன. பல நோயாளிகளின் கட்டி, இறப்புக்குப் பின்னர் உடலைத் திறந்தபோதுதான் தெரியவந்தது. எக்ஸ் கதிர்ப் படம் வந்தபின்னும் கட்டி நேரடியாகத் தெரியவில்லை. இடது உதரவிதானம் உயர்ந்திருப்பது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது போன்ற மறைமுகச் சான்றுகளே கிடைத்தன. பின்னர் வந்த கதிரியக்க ஸ்கேன், மண்ணீரலில் ஏதோ குறை இருப்பதைக் காட்டியது. அது கட்டியா, இறந்த திசுவா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1970-களில் நிலைமை மாறியது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வயிற்று நோய்களைக் காண்பதற்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது. 1971-இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவியால் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முழு உடலையும் படமெடுக்கும் கருவிகள் வந்தன. இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். மண்ணீரல் சீழ்க்கட்டியைக் காண்பதில் சி.டி. ஸ்கேனே இன்று மிகவும் நம்பகமானது. கட்டியின் எண்ணிக்கை, அளவு, உட்சுவர்கள், அருகிலுள்ள உறுப்புகளின் நிலை ஆகிய அனைத்தையும் அது காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட் செலவு குறைவானது, சிறிய மருத்துவமனைகளிலும் கிடைப்பது. எனவே முதல் பரிசோதனையாகப் பெரும்பாலும் அதுவே செய்யப்படுகிறது.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் கூடியிருப்பது வழக்கம். எதிர்ப்புத்திறன் குன்றியவர்களிடம் கூடாமலும் இருக்கலாம். இயன்றவரை எதிர்மருந்து தொடங்கும் முன்பே இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து கொடுத்தபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். கட்டியிலிருந்து எடுக்கும் சீழையும் பாக்டீரியா, காசநோய்க் கிருமி, பூஞ்சை ஆகிய மூன்றுக்கும் சோதிப்பது நல்லது. கிருமி எங்கிருந்து வந்தது என்று அறிய இதய எக்கோ பரிசோதனையும் தேவைப்படும். நாடாப்புழு வகை ஒன்றால் உண்டாகும் நீர்ப்பைக் கட்டியும் ஸ்கேனில் ஒத்த தோற்றம் தரலாம். அதில் ஊசி செலுத்தினால் நீர் கசிந்து கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால், அந்த ஐயம் இருந்தால் முதலில் தீர்த்துக்கொள்கின்றனர்.

சிகிச்சை

முதலில், பலவகைக் கிருமிகளையும் தாக்கக்கூடிய எதிர்மருந்துகள் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகின்றன. கிருமி எதுவென்று தெரிந்தபின் அதற்குரிய மருந்துக்கு மாற்றுகின்றனர். மெலியாய்டோசிஸ் என்றால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி சில வாரங்களும், அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதங்களும் தேவை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரக்கூடும். காசநோய்க் கட்டிகளுக்குக் காசநோய் மருந்துகளும், பூஞ்சைக் கட்டிகளுக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் தரப்படுகின்றன. சிறிய, பல கட்டிகள் மருந்தாலேயே கரைந்துவிடுவதும் உண்டு.

பெரிய கட்டிகளில் மருந்து மட்டும் போதாது. சீழின் நடுவே இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஸ்கேன் படம் கட்டியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தொடங்கியதும், தோல் வழியாக ஊசியும் மெல்லிய குழாயும் செலுத்திச் சீழை வடிக்கும் முறை 1980-களில் பரவியது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனைப் பார்த்தபடியே இது செய்யப்படுகிறது. சீழ் நீர்த்தன்மையுடன் இருந்து, கட்டி ஒன்றோ இரண்டோ ஆக, உட்சுவர்கள் இல்லாமல் இருந்தால் இம்முறை நல்ல பலன் தருகிறது. குழாய் சில நாட்கள் உள்ளேயே விடப்படும். இரத்தப்போக்கும், அருகிலுள்ள குடலோ நெஞ்சறையோ காயமுறுவதும் இதில் உள்ள ஆபத்துகள். எனவே இரத்தம் உறையும் தன்மை முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது.

மண்ணீரலை அகற்ற வேண்டிய நிலை இன்றும் உண்டு. கட்டி பல அறைகளாகப் பிரிந்திருந்தாலோ, சீழ் கெட்டியாக இருந்தாலோ, கட்டி உடைந்துவிட்டாலோ, குழாய் வைத்தும் காய்ச்சல் தணியாவிட்டாலோ அறுவைச் சிகிச்சையே உயிரைக் காக்கும். 1991-இல் பாரிஸில் டெலேட்ர் என்பவர் லேப்ராஸ்கோப் மூலம் மண்ணீரலை அகற்றும் முறையைத் தொடங்கினார். ஆனால் சீழ்க்கட்டியைச் சுற்றி உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், இந்நோயில் அம்முறை எல்லோருக்கும் இயலுவதில்லை. அகற்றுவதா, காப்பதா என்பதை நோயாளியின் உடல்நிலையும் கட்டியின் தன்மையுமே முடிவு செய்கின்றன.

மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் பாதுகாப்பு

1952-ஆம் ஆண்டுக் கட்டுரை கற்பித்த பாடம், அறுவைச் சிகிச்சையோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை என்பதாகும். நிமோகாக்கஸுக்கு எதிராக 14 வகைகளை உள்ளடக்கிய தடுப்பூசி 1977-இலும், 23 வகைகளை உள்ளடக்கியது 1983-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று மண்ணீரல் அகற்றப்படுவோருக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி ஆகிய மூன்றுக்கும் எதிரான தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவையென்றால் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பும், அவசர அறுவையென்றால் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின்பும் இவற்றைப் போடுவது வழக்கம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகிறது. குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் தினமும் பென்சிலின் மாத்திரை தரப்படுவதுண்டு.

இத்தகையோருக்கு வரும் எந்தக் காய்ச்சலும் அவசரநிலையாகவே கருதப்பட வேண்டும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நாய்க்கடிக்கு உடனே சிகிச்சை பெறுவதும், மலேரியா உள்ள பகுதிகளுக்குச் செல்லும்போது கொசுக்கடியைத் தவிர்த்துத் தடுப்பு மருந்து எடுப்பதும் அவசியம். மண்ணீரல் அகற்றப்பட்ட செய்தியை எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் காய்ச்சலுடன் செல்லும்போது, அங்குள்ள மருத்துவருக்கு இந்த ஒரு செய்தியே சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்யும்.

தடுப்பு

மண்ணீரல் சீழ்க்கட்டிக்கெனத் தனியாகத் தடுப்பூசி இல்லை. நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல், இதய வால்வு நோய் உள்ளவர்கள் பல், தோல் ஆகியவற்றின் தொற்றுகளுக்கு உடனே சிகிச்சை பெறுதல், டைபாய்டுக்குச் சொன்ன நாள்வரை மருந்து உட்கொள்ளுதல், காலில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது நீர்புகாத காலணி அணிதல் ஆகியவை இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுடன் இடது விலாவின் கீழோ இடது தோளிலோ வலி இருந்தால், அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொள்வதற்குத் தயங்கக் கூடாது. முற்காலத்தில் பிணக்கூறாய்வில் மட்டுமே தெரிந்த இந்தக் கட்டியை, இன்று சிறிய நகரத்து மருத்துவமனையிலும் சில நிமிடங்களில் கண்டுவிட முடியும்.